அமிர்தவல்லி படித்துக் காட்டாத அத்தியாயம்

பேராசிரியர் அமிர்தவல்லி மறைந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப் புலனக் குழுவில் ஒரு படமாக வந்தது. மாலை போட்ட படம். அவருக்கு விருது கிடைக்கும்போதெல்லாம் மாலையும் கழுத்துமாக அவர் நிற்கும் படத்தை யாராவது குழுவில் போடுவது வழக்கம். அதனால் படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படிக்காமலேயே "மனமார்ந்த வாழ்த்துகள், பேராசிரியர்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் அந்த வரியைப் படித்தேன். எதையும் இருமுறை படித்து ஒருமுறை பேசுகிறவன் என்று பள்ளியில் பெயர் வாங்கியவன் நான். அனுப்பியதை அழிக்கத் தெரியாமல் மகளை அழைத்தேன். "அப்பா, எல்லாரும் பார்த்துட்டாங்க. இனி அழிச்சா, அழிச்சதுன்னு காட்டும். சும்மா விடுங்க" என்றாள். அந்த வாழ்த்து இன்னமும் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல்கள்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவருடைய கடைசி நூல் விரைவில் வெளிவருகிறது. அதில் தம் அக்காளைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கும் என்று பாராட்டு விழா மேடையில் அவர் சொன்னதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அந்த அத்தியாயம் நூலில் இருக்காது. ஏன் இருக்காது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு என்மேல் வந்து விழுந்திருக்கிறது. அதைச் சரியாகச் செய்வேனா என்று எனக்கே சந்தேகம்தான்.

அவர் கோலாலம்பூரில் ஆங்கிலத் துறையில் பல்லாண்டுகள் பாடம் நடத்தியவர். அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் பெண்கள் எழுதிய இலக்கியமும் பெண்ணியக் கோட்பாடும் அவருடைய துறை. ஆப்பிரிக்கப் பெண்ணின் நாவலையும் கரீபியத் தீவுப் பெண்ணின் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் சொல்வார். ஆனால் அவர் பிறந்தது கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். முதல் வகுப்பில் மாணவிகளிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கொடி மாறின அன்னிக்குக் காலையில லயத்துல அடுப்ப யாரு பத்த வச்சது? அங்கேயிருந்துதான் நம்ம பாடம் ஆரம்பிக்குது." பின்காலனியம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. நான் படித்தவை குறைவு என்பதும் உண்மை.

நாவல்களிலிருந்து அவர் தோட்டத்துப் பெண்களின் பேச்சுக்குத் திரும்பியது நடுவயதில். ஒரு பெண்மணி தம் திருமண வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பெயரை மாற்றித்தான் எழுதினார். வெளிநாட்டு மாநாடு ஒன்றில் வாசித்தார், கைதட்டல் கிடைத்தது. பிறகு தீமிதித் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போனபோது, அந்தப் பெண்மணி கூட்டத்தில் அவரைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் வந்து கேட்டாராம்: "என் கதைய வெள்ளைக்காரங்களுக்குச் சொன்னியாமே அமிர்தம். எனக்கு எப்ப சொல்லப்போற?"

இதை எனக்குச் சொன்னபோது பேராசிரியர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யாரைப் பற்றி எழுதினாலும் அதைத் தமிழில் ஆக்கி, அவருடைய வீட்டுக்கே போய், அவர் முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். அந்தப் பெண் சரி என்று சொன்னது மட்டுமே அச்சுக்குப் போகும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்கக்கூடாது, கெஞ்சக்கூடாது. உலகத்தில் வேறு எந்தப் பேராசிரியராவது இப்படிச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. இவர் செய்தார்.

அந்தத் தமிழாக்கத்துக்குத்தான் நான் தேவைப்பட்டேன். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, கோலசிலாங்கூரில் வீட்டில் சும்மா இருந்த காலம் அது. "அச்சுல வராத மொழிபெயர்ப்பு சார். உங்க பேரு எங்கேயும் வராது. ஒத்துக்குவீங்களா?" என்று தொலைபேசியில் கேட்டார். பெயர் வராது என்றதும்தான் எனக்குத் தைரியம் வந்தது.

முதல் முறை பத்தாங் காலிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை போட்டு, செம்பனையையும் வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த இடம். பழைய லயத்தில் சில குடும்பங்களே இருந்தன. காளியம்மா என்பவர் வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தேன். "இத்தோட்டத்தில் வசித்துவரும் பெண்கள், வரலாற்றின் விளிம்பில் நிறுத்தப்பட்டவர்களாய்..."

காளியம்மா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"எப்ப காலி பண்ணணும் சார்?"

எனக்குப் புரியவில்லை.

"நோட்டீஸ்தான படிக்கிறீங்க? போன தடவ ஆபீஸ்ல எழுதுற கிராணி வந்து இப்பிடித்தான் நின்னுக்கிட்டுப் படிச்சாரு. வேற லயத்துக்கு மாத்தி விட்டாங்க. இப்ப எங்க போவச் சொல்றாங்க?"

"இப்பத்தான்லா கூரைக்குப் புதுத் தகரம் போட்டோம்" என்றார் இன்னொருவர்.

அந்த வாசலில் அதுவரை எழுத்துத் தமிழில் உரக்கப் படிக்கப்பட்டது வெளியேற்ற அறிவிப்பு மட்டும்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பேராசிரியர்தான் காளியம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "உக்காருக்கா. இது நோட்டீஸ் இல்ல, உன்னப் பத்தி நான் எழுதினது. இவரு ஹெட்மாஸ்டரா இருந்தவரு. சாப்பாடு கேட்டாக்கூட மணி அடிச்ச மாதிரிதான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப உக்காந்து படிக்கச் சொல்லு. நின்னா பயமா இருக்கு" என்றார் காளியம்மா. உட்கார்ந்து படித்தேன். விளிம்பு என்ற சொல்லை அவர் விடவில்லை. "அது என்னா, விளிம்புல நிக்கிறோம்னு? எங்க வீடு நடு லயம்லா. கோயிலும் கொழாயும் வாசல்லயே இருக்கு. பொழுது சாஞ்சா ரவாங்குல உன் வீட்டுக்கு ஓடிப்போறவ நீதான் விளிம்பு."

பேராசிரியர் அதற்கு வாதாடினார். அரை மணி நேரம் வாதாடினார் என்றுகூடச் சொல்லலாம். யார் நிறுத்தினார்கள், யாருக்கு எது கிடைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே போனார். காளியம்மா சிலவற்றை ஒப்புக்கொண்டார்; அந்தச் சொல்லை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆங்கிலக் கட்டுரையிலிருந்தும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். பின்காலனியக் கட்டுரையில் விளிம்பு இல்லையே என்று இதழின் மதிப்பீட்டாளர் கேட்டதற்கு, "சம்பந்தப்பட்டவர் ஆட்சேபித்தார்" என்று ஒரே வரியில் பதில் எழுதினார்.

அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கார் ஓட்டும்போதும் பேச்சு நிற்காது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டிக்கொண்டே பேசுவார். நான் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் திடீரென்று கேட்டார். "சார், உங்க மனைவி பேரு என்ன?"

"ஏன்?"

"இத்தன மாசமா 'வீட்டுல சொன்னாங்க', 'வீட்டுல கேட்டாங்க'ங்கிறீங்க. வீடு பேசுமா சார்?"

"சரஸ்வதி" என்றேன். காது சூடாகிவிட்டது. மூன்றாம் மனிதரிடம் அந்தப் பெயரை நான் உச்சரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் என் மனைவி, "அந்த அம்மா நல்லாக் கேட்டாங்க. எங்க, இப்ப ஒருக்கா கூப்பிடுங்க பார்ப்போம்" என்றார். நான் கூப்பிடவில்லை. மறுநாள் கூப்பிட்டேன்.

இனி அந்த அத்தியாயத்துக்கு வருகிறேன்.

பேராசிரியரின் அக்காள் முனியம்மா கலும்பாங்கில் இருக்கிறார். வாழ்க்கைப்பட்டு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனவர். கணவர் காலமான பிறகு ஊருக்குள் சிறிய தரை வீட்டில் தனியாக இருக்கிறார். அக்காள் தங்கை இருவரில் ஒருத்தி பள்ளிக்கூடம் போனாள், ஒருத்தி வெளிக்காட்டு வேலைக்குப் புல்வெட்டப் போனாள். அந்த அத்தியாயம் அதைப் பற்றியது. இவ்வளவு மட்டும் எழுதலாம் என்று முனியம்மா அக்காளே எனக்குச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பேராசிரியர் எழுதியவற்றில் அதுதான் மிகச் சிறந்தது. கோட்பாடும் வாழ்க்கையும் தனித்தனியாகத் தெரியாத எழுத்து. தமிழாக்கும்போது பல இடங்களில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து கூடத்தில் நடந்தேன்.

படித்துக் காட்டுவதற்கு நாள் குறித்து, இருவரும் காரில் புறப்பட்டோம். பத்தாங் காலி தாண்டும் வரை அவர் வழக்கம்போல் பேசிக்கொண்டு வந்தார். அதன் பிறகு பேச்சு நின்றுவிட்டது. கலும்பாங்கில் திரும்ப வேண்டிய இடத்தில் சிக்னல் போடவில்லை. "தஞ்சோங் மாலிம்ல பாவ் நல்லா இருக்கும் சார். வாங்கிட்டு வந்திடலாம்" என்று நேரே ஓட்டினார். ஆவியில் வேகவைத்த அந்தச் சீன ரொட்டியில் ஒரு பெட்டி வாங்கினோம். திரும்பி வந்து அக்காள் வீட்டு வாசலில் இறங்கி, காரின் கதவைக்கூட மூடாமல் பெட்டியைக் கொடுத்தார்.

"அவசரமாப் போறேன்க்கா. சூடா இருக்கு, சாப்பிடு."

"உள்ள வந்து ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போயேன்டி. கூட யாரு, சாரா? அவரையும் கூப்பிடு."

"இன்னொரு நாளு வர்றோம்."

கார் ரவாங்கை நெருங்கியது. அவரே சொன்னார். "ஊருல உள்ள அத்தன பொம்பளைங்ககிட்டயும் கேட்டுட்டேன் சார். வேணாம்னு சொன்னவங்க இருக்காங்க, நான் வருத்தப்படல. அக்கா வேணாம்னு சொல்லுவான்னு எனக்குப் பயம் இல்ல. சரின்னு சொல்லிடுவா. நான் எது கேட்டாலும் சரின்னே சொல்லிப் பழகிட்டா. இதுக்கும் சரின்னுட்டா, அத அனுமதின்னு எப்பிடி எடுத்துக்குவேன்?"

அதன் பிறகு இருமுறை நாள் குறித்தார். இருமுறையும் தள்ளிப் போட்டார். பிறகு நோய் வந்தது. மருத்துவமனையில் நான் போய்ப் பார்த்தபோது, நூலைப் பற்றித்தான் பேசினார். மற்ற அத்தியாயங்களெல்லாம் படித்துக் காட்டியாகிவிட்டன. அக்காளுடையது மட்டும் பாக்கி. "நான் எழுந்து வந்ததும் போவோம்" என்றார். எழுந்து வரவில்லை.

இறுதிச் சடங்கு ரவாங் வீட்டில் நடந்தது. அது முடிந்த வாரம் விரிவுரையாளர் தேன்மொழி அழைத்தார். பேராசிரியரிடம் படித்து அதே துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். நூலைத் தொகுக்கும் பொறுப்பு அவருடையது.

"சார், எல்லாம் ரெடி. அக்கா சாப்டர்தான் கடைசியா வருது. புக்கோட உயிரே அதான்."

"அது இன்னும் படித்துக் காட்டவில்லையே" என்றேன்.

"தெரியும் சார். ஆனா அது புரொபசரோட சொந்தக் கதையும்தானே? தன் கதைய எழுத ஒருத்தருக்கு உரிமை இல்லையா? பொண்ணுங்க தன் கதைய எழுதணும்னு வாழ்நாள் பூரா சொன்னவங்க அவங்க."

நல்ல கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை. வீட்டுத் தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனேன். ஒரு கதை இரண்டு பேருடையதாக இருக்கும்போது, எழுதத் தெரிந்தவருக்கு மட்டும் அது எப்படிச் சொந்தமாகும் என்று மாலையில் தோன்றியது. அதைக் கேட்டு வாதாடப் பேராசிரியர் இல்லை. சரஸ்வதியிடம் சொன்னேன். "போய்ப் படிச்சிட்டு வாங்க. இங்க நடந்து நடந்து தரை தேயுது" என்றார்.

மகள் என்னை ரவாங் நிலையத்தில் இறக்கிவிட்டாள். அங்கிருந்து ரயிலில் கலும்பாங். தாள்களை நெகிழிக் கோப்பில் வைத்து மடியில் பிடித்திருந்தேன். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. நான் யார் இதைப் படிக்க? தங்கை எழுதியதை அக்காளிடம், மொழிபெயர்த்தவன் போய்ப் படிப்பதா?

முனியம்மா அக்காள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். "ஓ, அன்னிக்கு பாவ் குடுத்துட்டு ஓடினாளே, இதுக்குத்தான் வந்தாளா?" என்றார். "சரி, படிங்க."

நானும் தரையில் உட்கார்ந்து படித்தேன். பாதியில் நெத்திலி கிள்ளிய அவர் கை நின்றது. முடிக்கும் வரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

படித்து முடித்தேன். வெளியில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் நெசந்தான் சார். ஒண்ணுகூடப் பொய் இல்ல. இத யாரு படிக்கணும்னு எழுதினா?"

"நூலாக வரும். எல்லாரும் படிப்பார்கள்."

"எல்லாரும்." கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குன்னு எழுதலயா?"

நான் தாள்களை மறுபடி அடுக்கினேன்.

"அவளே வந்து இப்பிடி உக்காந்து படிச்சிருந்தான்னா, நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். அவ மூஞ்சியப் பார்த்து எனக்கு வேணாம்னு வராது. பொறந்ததுலேர்ந்து வந்ததில்ல. ஆனா என்கிட்ட சொல்லக் கூசினத ஊருக்குச் சொல்லக்கூடாது சார். இது வேணாம். புஸ்தகத்துல வேணாம்."

பேராசிரியர் எதைக் கண்டு பயந்தாரோ அது நடக்கவில்லை. அதை அவரிடம் சொல்லத்தான் இனி முடியாது. "சரி அக்கா" என்றேன். காரணம் கேட்கக்கூடாது, கெஞ்சக்கூடாது. கோப்பை மூடினேன்.

"மூடாதீங்க" என்றார். "புஸ்தகத்துல வேணாம்னுதான் சொன்னேன். இன்னொருக்கா படிங்க. மெதுவா."

இரண்டாம் முறை படிக்கும்போது அவர் இடையிடையே பேசினார். யாரிடம் பேசினார் என்பது எனக்குத் தெரியும். அவற்றையும் எழுத மாட்டேன். தாள்களை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். தேன்மொழியிடம் இருந்த பிரதி மட்டும் பாக்கி.

தேன்மொழிக்குக் கோபம். "நீங்க கொஞ்சம் பேசிப் பார்த்திருக்கலாமே சார். எவ்ளோ பெரிய இழப்பு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். நான் படித்த விதம் சரியில்லையோ, என் குரல் மறுபடியும் நோட்டீஸ் போல ஒலித்ததோ, தைரியமான வேறொருவர் போயிருந்தால் வேறு பதில் வந்திருக்குமோ என்று எனக்கும் தூக்கம் வரவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். சில நாள் அவர் பேசவில்லை. பிறகு அச்சுப்படி வந்தது. கடைசி அத்தியாயம் இல்லாமல் நூல் முடிந்திருந்தது. கூடவே ஒரு குரல் பதிவு: "எடுத்துட்டேன் சார். என்கிட்ட இருந்ததையும் அழிச்சிட்டேன். அழிக்கிறப்ப அழுதேன், அத மட்டும் சொல்லிக்கிறேன்."

இந்தக் கட்டுரையையும் கலும்பாங் போய் முனியம்மா அக்காளிடம் படித்துக் காட்டினேன். சில வரிகளை அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டேன். ஓரிடத்தில் மட்டும் கோபப்பட்டார்.

"பாவ் குடுத்துட்டு வாசலோட போயிட்டான்னு எழுதியிருக்கீங்க. படிக்கிறவங்க என்னா நெனப்பாங்க? அக்காவ எட்டிப் பார்க்காதவன்னு நெனப்பாங்க. எனக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணப்ப ஆஸ்பத்திரியில கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுத்துக் கெடந்தா. நர்ஸு வந்து ஏசுறா. எந்திரிக்கவே மாட்டேங்கிறா. பெரிய புரொபசரு. அத எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

பேராசிரியரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்ன என்று கேட்டால், கோட்பாடு என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர் படித்துக் காட்டிய வீடுகளிலெல்லாம் நான் பார்த்தது ஒன்று. படித்து முடித்ததும் "எப்படி இருக்கு?" என்று கேட்க மாட்டார். கார் ஓட்டும்போதுகூட அடங்காத அந்தக் கைகள் மடியில் கிடக்கும். எதிரே இருப்பவர் வாய் திறக்கும் வரை, எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். வாழ்நாளெல்லாம் வகுப்பில் கேள்வி கேட்டுப் பதிலையும் நானே சொல்லிப் பழகியவன் நான். அந்தக் காத்திருப்பை வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பழகவில்லை, கால் ஆடுகிறது, தொண்டை வறள்கிறது, குறுக்கே ஏதாவது சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கிறது. இதைப் படித்து முடித்தபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முனியம்மா அக்காள் எழுந்து உள்ளே போய், தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசவில்லை.

"இது இருக்கட்டும்" என்றார்.